கேம்ஷாஃப்ட் வாங்கப் போகும் பீட்டில்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பீட்டில்காரர்களுக்கு,

இலங்கையில் தாத்தா வாங்கிய வண்டியை இன்னமும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், தமிழ்நாட்டில் ஏதோ ஒரு ஷெட்டில் கிடந்ததைத் தேடிப்பிடித்து மீட்டவர்கள், கோலாலம்பூரில் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வெளியே எடுப்பவர்கள் என்று நீங்கள் பல ஊர்க்காரர்கள். ஆனால் இன்ஜினைப் பெரிதாக்கத் துணிந்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் சாமான் வாங்குகிறீர்கள். முதலில் 90.5 மி.மீ. பிஸ்டனும் சிலிண்டரும். அப்புறம் இரட்டைக் கார்புரேட்டர். அப்புறம் ஊரைக் கூட்டும் சைலன்சர். எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, "கேம் எது போடலாம்?" என்று கேட்கிறீர்கள். என் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் மனதில் இருப்பதைவிட ஒரு படி சின்னதாகப் போடுங்கள். ஏன் என்பதை இனிச் சொல்கிறேன்.

பீட்டிலின் இன்ஜினை வண்டியிலிருந்து இறக்குவது மிகச் சுலபமான வேலை. கியர்பாக்ஸோடு அதைப் பிடித்திருப்பவை நான்கே இடங்கள். அந்தச் சுலபத்தைப் பார்த்து, "பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம்" என்று நினைத்துவிடுகிறோம். கார்புரேட்டருக்கு அது சரி. சைலன்சருக்கும் சரி. கேம்ஷாஃப்ட்டுக்குச் சரியில்லை. அது கிராங்குக்குக் கீழே, கேஸின் இரண்டு பாதிகளுக்கு நடுவில் படுத்திருக்கிறது. அதைத் தொட வேண்டுமென்றால் ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றி, மக்னீசியக் கேஸை நெடுக இரண்டாகப் பிரிக்க வேண்டும். டேப்பட்டும் அப்படியே. அதன் அகலமான முகம் கேஸின் உட்பக்கம் இருப்பதால் வெளியிலிருந்து உருவ முடியாது. இன்ஜினில் நீங்கள் எடுக்கும் முடிவுகளில் திரும்ப எடுக்கவே அலுப்பாக இருப்பது இந்த ஒன்றுதான். ஆனால் இதைத்தான் கடைசியில், அவசரத்தில், யாரோ சொன்ன பெயரை வைத்து முடிவு செய்கிறோம்.

தொழிற்சாலை போட்ட கேமை "சோம்பேறி கேம்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த இன்ஜினை வடிவமைத்தவர்கள் அதன் மூச்சை வேண்டுமென்றேதான் கட்டிவைத்தார்கள். சின்ன கார்புரேட்டர், ஒடுங்கிய இன்டேக் குழாய், குறைந்த வால்வு லிஃப்ட். ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்து ஆட்டோபானில் நாள் முழுக்க ஓட்டினாலும் ஒன்றும் ஆகக் கூடாது என்பது கணக்கு. ஆகவே இந்த வண்டியின் அதிகபட்ச வேகமும் நாள்பூராவும் ஓடக்கூடிய வேகமும் ஒன்றுதான். 1970-களின் தொடக்கத்தில் வந்த 1302 எஸ் மாடலின் 1584 சிசி இன்ஜின் 4000 ஆர்.பி.எம்.மில் 50 குதிரைத்திறன் தந்தது. ஆனால் அதன் முழு இழுவையும் 2800-லேயே வந்துவிடும். டாப் கியரில் மணிக்கு 100 கி.மீ. போகும்போது இன்ஜின் சுமார் 3000-ல் சுற்றுகிறது. இழுவை எங்கே இருக்கிறதோ அங்கேயேதான் ஓட்டுபவரின் காலும் இருக்கிறது. இதைச் சோம்பல் என்று சொல்லலாமா?

இப்போது பெரிய கேம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். கேம் மேட்டின் உயரம் வால்வு எவ்வளவு தூக்கப்படும் என்பதைத் தீர்மானிக்கிறது. மேட்டின் அகலம், எத்தனை பாகைக்கு அது திறந்திருக்கும் என்பதை. பெரும்பாலானோர் உயரத்தைக் கேட்கிறார்கள். குணத்தைத் தீர்மானிப்பது அகலம்தான். குறிப்பாக, இன்டேக் வால்வு எப்போது மூடுகிறது என்பது. பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே ஏறத் தொடங்கிய பிறகும் அந்த வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். வேகமாகச் சுற்றும்போது இது லாபம்: உள்ளே பாய்ந்து வரும் கலவைக்கு ஓர் உந்தம் இருக்கிறது, பிஸ்டன் எதிரே ஏறி வந்தாலும் அது உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும். மெதுவாகச் சுற்றும்போது அந்த உந்தம் இல்லை. உள்ளே வந்ததில் ஒரு பங்கை பிஸ்டன் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும்.

எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்களில் பாதிப் பேர் கட்டும் 1776 சிசி இன்ஜினையே எடுத்துக்கொள்வோம். 90.5 மி.மீ. போர், பழைய கிராங்கின் 69 மி.மீ. ஸ்ட்ரோக், 137 மி.மீ. கனெக்டிங் ராடு. கேம், கலிஃபோர்னியாவின் எங்கிள் வரிசை, ஏனென்றால் எல்லோர் வாயிலும் அந்தப் பெயர்தான் இருக்கிறது. அதில் டபிள்யூ-100 என்பது 276 பாகை, டபிள்யூ-110 என்பது 284, டபிள்யூ-120 என்பது 294, டபிள்யூ-125 என்பது 301. மேடுகளின் நடுக்கோடு 108 பாகையில். நேராகப் பொருத்தினால் டபிள்யூ-100-ல் இன்டேக் வால்வு, பிஸ்டன் அடியைத் தொட்டுத் திரும்பி 66 பாகை கடந்த பிறகு மூடுகிறது. டபிள்யூ-110-ல் 70. டபிள்யூ-125-ல் 78-க்கும் மேல். பாகையில் சொன்னால் சின்ன வித்தியாசமாகத் தெரியும். மில்லிமீட்டரில் சொன்னால், டபிள்யூ-100 வால்வை மூடும்போது பிஸ்டன் ஏறக்குறைய 17 மி.மீ. ஏறியிருக்கிறது. டபிள்யூ-125 மூடும்போது 23 மி.மீ. ஸ்ட்ரோக் மொத்தமே 69 தான். மூன்றில் ஒரு பங்குப் பயணம் முடிந்த பிறகுதான் அழுத்தமே தொடங்குகிறது.

இதன் விளைவு கம்ப்ரஷனில் தெரியும். காகிதத்தில் 8-க்கு 1 என்று கட்டிய 1776-ல், வால்வு மூடிய பிறகு மீதியுள்ள பயணத்தை மட்டும் கணக்கில் எடுத்தால், டபிள்யூ-100 போட்டவருக்கு சுமார் 6.3 கிடைக்கிறது. அதே இன்ஜினில் டபிள்யூ-125 போட்டவருக்கு 5.6. கீழ் ஆர்.பி.எம்.மில் வண்டி ஏன் இழுக்க மறுக்கிறது, சிக்னலில் கிளட்ச்சை விட்டதும் ஏன் திணறுகிறது என்று கார்புரேட்டர் ஜெட்டை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். ஜெட்டில் குற்றமில்லை.

"அப்படியானால் கம்ப்ரஷனை ஏற்றுகிறேன்" என்பீர்கள். சரியான யோசனைதான். டபிள்யூ-125-க்கு 9-க்கு 1 என்று கட்டினால் அதே 6.3 திரும்பக் கிடைக்கிறது. பந்தயக்காரர்கள் செய்வதும் அதைத்தான். ஆனால் 5000-ஐத் தாண்டி, கேம் தன் வேலையைச் செய்து சிலிண்டரை முழுக்க நிரப்பும்போது, அந்த 9 முழுதாக வந்து நிற்கும். தண்ணீர் சூழ்ந்த ஹெட் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். நம்முடையதில் இருப்பது அலுமினியத் துடுப்புகளும் டைனமோ தண்டில் சுழலும் ஒரு விசிறியும்தான். அந்த விசிறியும் ஆயில் கூலரும் 50 குதிரைத்திறனுக்கு அளந்து போட்டவை. 1971-க்கு முந்தைய வண்டிகளில் ஆயில் கூலர் விசிறிக் கூண்டுக்குள்ளேயே நின்று மூன்றாம் சிலிண்டரின் காற்றை மறைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சிலிண்டர்தான் முதலில் போகும் என்பது பழைய மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரியும். பின்னால் வந்த கூண்டில் கூலரைத் தள்ளிவைத்து அதற்கு நல்ல காற்று கொடுத்தார்கள். பழைய கூண்டையே வைத்துக்கொண்டு பெரிய கேம் கேட்பவர்களுக்கு நான் வேறெதுவும் சொல்வதில்லை, முதலில் கூண்டை மாற்றச் சொல்வேன். இன்னொன்று: பீட்டிலின் விசிறிச் சத்தத்தில் நாக்கிங் காதில் விழாது. விழும்போது பிஸ்டனில் பெரும்பாலும் தடம் பதிந்திருக்கும். இலங்கையில் 92 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றி ஓட்டும் வண்டியில் 9-க்கு 1 கட்ட நான் துணிய மாட்டேன். துணிபவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் ஹெட்டையும் அடிக்கடி வாங்குகிறார்கள்.

பெரிய கேமின் ஆசை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் கலிஃபோர்னியாவில்தான் போய் நிற்கும். 1960-களில் ரிவர்சைடில் இருந்த எம்பி நிறுவனத்தின் 'இன்ச் பின்ச்சர்' என்ற பீட்டில், கால் மைல் ஓட்டத்தில் பெரிய அமெரிக்க கார்களைத் திணறடித்தது. 1968-ல் ஆரஞ்சு கவுண்டி பந்தயத் திடலில் 'பக்-இன்' சந்திப்புகள் தொடங்கின. அங்கே வளர்ந்த பட்டறைகளின் பட்டியல்களும் கதைகளும்தான் இன்றைக்கும் நம் கைக்கு வருகின்றன. கால் மைல் என்பது 402 மீட்டர். கொடி விழுந்த நொடியிலிருந்து கடைசிக்கோடு வரை இன்ஜின் 5000-க்குக் கீழே இறங்க வேண்டிய அவசியமே இல்லை. இறங்கினால் தோல்வி. அந்த இன்ஜினுக்குத் தேர்ந்த கேமை, காலி ரோட்டில் கிளம்பி ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம் போகும் வண்டிக்குப் போட்டால் அது 402 மீட்டரைத் தேடிக்கொண்டே இருக்கும்.

ஐடிலில் வண்டி லொடலொடவென்று குதிப்பது சிலருக்குப் பெருமை. எக்ஸாஸ்ட்டும் இன்டேக்கும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் ஓவர்லேப் 301 பாகைக் கேமில் 85 பாகை வரை போகிறது. அந்த இடைவெளியில் புகை இன்டேக் பக்கம் எட்டிப் பார்ப்பதும் கலவை சைலன்சர் பக்கம் நழுவுவதும்தான் அந்தக் குதிப்பு. பெட்ரோல் விலை தெரிந்த யாரும் அதை ரசிக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. ரசனை அவரவர் பாடு.

எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. 1963-ல் அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஃபார்முலா வீ என்ற பந்தயப் பிரிவை ஏற்றுக்கொண்டது. இதே பீட்டிலின் 1200 சிசி இன்ஜின். கேம் மேட்டின் வடிவம் தொழிற்சாலை அளவை மீறக் கூடாது என்பது விதி. அங்கே ஜெயித்தவர்கள் எல்லோரும் அந்தச் "சோம்பேறி" கேமை வைத்துத்தான் ஜெயித்தார்கள். வால்வு இருக்கை, போர்ட், கார்புரேட்டர், உராய்வு என்று மற்ற இடங்களில் திறனைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். நாமும் கேமைத் தொடுவதற்கு முன் அங்கெல்லாம் தேடிவிட்டோமா?

கேம் பெயரைக் கேட்பதைவிட ஓர் எண்ணைக் கேட்பது நல்லது. விளம்பரத்தில் போடும் பாகை, ஆளுக்கொரு இடத்திலிருந்து அளந்தது. டேப்பட் 0.050 அங்குலம், அதாவது 1.27 மி.மீ. எழுந்த இடத்திலிருந்து அளந்தால்தான் ஒரு கம்பெனியின் கேமை இன்னொன்றோடு ஒப்பிட முடியும். அந்தக் கணக்கில் டபிள்யூ-100 என்பது 236, டபிள்யூ-110 என்பது 247, டபிள்யூ-125 என்பது 262. 240-ஐச் சுற்றி நின்றால் தெருவில் சுகமாக ஓடும். 250-ஐத் தாண்டும்போது மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்ற வேண்டிவரும். 260 போனால் தினசரி வண்டி என்ற பேச்சை விட்டுவிடுங்கள். இது 1776 அளவிலான இன்ஜினுக்கு. 82 மி.மீ. கிராங்க் போட்டு 2100-க்கு மேல் போனவர்களுக்கு அதே கேம் ஒரு படி சாதுவாக நடந்துகொள்ளும், ஏனென்றால் பெரிய சிலிண்டர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகக் காற்றைக் கேட்கிறது. சின்ன இன்ஜினில் முரண்டு பிடிக்கும் டபிள்யூ-120 அங்கே ஒழுங்காக இருக்கும். அவர்களுக்கு வேறொரு தொல்லை: நீளமான கிராங்கோடு சுற்றும் கனெக்டிங் ராடு கேமை உரசும். கேஸை மூடும் முன் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். இடைவெளி இல்லையென்றால் ராடைத் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் ஒடுங்கிய கேம் வாங்க வேண்டும்.

சின்ன கேம் போட்டால் பின்னால் வருத்தப்படுவோமோ என்று தயங்குபவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அது ராக்கர். தொழிற்சாலை ராக்கர் மேட்டின் உயரத்தை 1.1 மடங்காக வால்வுக்குத் தருகிறது. 1.25 ராக்கர் போட்டால் டபிள்யூ-100-ன் லிஃப்ட் 10.7 மி.மீ.யிலிருந்து 12.2-க்குப் போகிறது. வால்வு வேகமாகத் திறந்து வேகமாக மூடும், திறந்திருக்கும் பாகையோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆகவே மேலே மூச்சு கிடைக்கும், கீழே இழுவை போகாது. முக்கியமாக, வால்வு கவரைக் கழற்றினாலே ராக்கர் கைக்கு வந்துவிடும். கேஸைப் பிரிக்க வேண்டாம். சின்ன கேமோடு தொடங்கி, ஓட்டிப் பார்த்து, போதவில்லையென்றால் ராக்கரை ஏற்றலாம். பெரிய கேமோடு தொடங்கியவருக்கு இந்தத் திசையில் இறங்க வழியே இல்லை. நான் ஒரு படி சின்னதாகச் சொல்வதன் முழுக் காரணமும் இதுதான். ராக்கரை மாற்றும்போது புஷ்ராட் நீளத்தைப் புதிதாக அளந்து வெட்ட வேண்டும், ஸ்பிரிங் மேல் தட்டு கைடில் முட்டுகிறதா, வால்வு பிஸ்டனைத் தொடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். 1.4 ராக்கருக்கென்றே அரைத்த கேம்களும் சந்தையில் உண்டு. அவற்றை 1.1-உடன் கலந்தால் ஒன்றுக்கும் உதவாது.

ஸ்பிரிங் விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேவைக்கு மேல் கடினமான இரட்டை ஸ்பிரிங் கேமையும் டேப்பட்டையும் தின்னும். 5500-க்குக் கீழே ஓட்டப் போகிறவருக்கு நல்ல ஒற்றை ஸ்பிரிங் போதும். க்ரோமோலி புஷ்ராட் போட்டவர்கள் மட்டும் ஒன்றை நினைவில் வையுங்கள்: தொழிற்சாலையின் அலுமினியப் புஷ்ராடுக்குச் சொன்ன 0.15 மி.மீ. டேப்பட் இடைவெளி உங்களுக்குப் பொருந்தாது. இன்ஜின் சூடாகும்போது கேஸும் சிலிண்டரும் விரியும், எஃகு ராடு அந்த அளவுக்கு விரியாது, இடைவெளி தானே திறந்துகொள்ளும். ஆகவே குளிர்ந்த நிலையில் இடைவெளி இல்லாமல், விரலால் சுழலும் அளவுக்கு வையுங்கள்.

பொருத்தும் வேலையில் பலர் கோட்டைவிடுவது ஆயில் பம்ப்பில். பம்ப்பைச் சுழற்றுவது கேமின் முனையிலுள்ள வெட்டுதான். பழைய மூன்று ரிவெட் தட்டைக் கேமுக்கு ஒரு பம்ப், பின்னால் வந்த நான்கு ரிவெட் குழிவுக் கேமுக்கு வேறொரு பம்ப். மாற்றிப் போட்டால் ஒன்று உள்ளே போகாது, இல்லை சரியாகக் கவ்வாது. கேம் பல்சக்கரத்தின் மேல் பொறித்திருக்கும் எண்ணையும் பாருங்கள். கிராங்கோடு அது எவ்வளவு நெருங்கிப் பிடிக்கும் என்பதை அந்த எண் சொல்கிறது. கேஸை லைன் போர் செய்தவர்களுக்கு இது மாறியிருக்கும். கிராங்க் சக்கரத்தின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கேமின் ஒரு புள்ளி வந்தால் போதும் என்று நிறுத்தாதீர்கள், டிகிரி வீல் மாட்டி இன்டேக் வால்வு மூடுமிடத்தை அளந்து பாருங்கள். மேலே போட்ட கணக்கெல்லாம் அந்த ஓர் அளவின் மேல்தான் நிற்கிறது.

ஓடவிடும் முதல் இருபது நிமிஷம் கேமின் ஆயுளைத் தீர்மானிக்கும். இந்த இன்ஜினில் எட்டு வால்வுகளுக்கும் சேர்த்து நான்கே மேடுகள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று ஒவ்வொரு மேடும் இரண்டு டேப்பட்டை உதைக்கிறது. மேட்டுக்கு ஆயில் வருவது பெரும்பாலும் கிராங்க் வாரி இறைப்பதிலிருந்து. ஐடிலில் அது போதாது. ஆகவே புதுக் கேமுக்குப் புது டேப்பட், மேடுகள் மேல் மாலிப்டினம் பேஸ்ட், துத்தநாகம்-பாஸ்பரஸ் சேர்மானம் தாராளமாக உள்ள ஆயில். ஸ்டார்ட் ஆன உடனே 2000-க்கும் 2500-க்கும் இடையில் ஏற்றி, இருபது நிமிஷம் அங்கேயே பிடித்திருங்கள். அதற்கு முன் டைமிங்கும் கார்புரேட்டரும் சரியாக இருக்க வேண்டும், ஸ்டார்ட்டரை மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தால் பேஸ்ட்டெல்லாம் வழிந்துவிடும். இன்றைய பெட்ரோல் கார்களுக்கு விற்கும் மெல்லிய ஆயில்களில் அந்தச் சேர்மானத்தைக் குறைத்துவிட்டார்கள், காடலிடிக் கன்வர்ட்டருக்கு ஆகாது என்பதால். நம் வண்டியில் அந்தக் கன்வர்ட்டர் இல்லை, தட்டை டேப்பட்தான் இருக்கிறது.

இனி என் தீர்ப்புகள். 1600 சிசி, ஒற்றை சோலெக்ஸ் கார்புரேட்டர், பழைய சைலன்சர்: தொழிற்சாலை கேமையே வையுங்கள். கார்புரேட்டரின் தொண்டையே அடைத்திருக்கும்போது வால்வை அகலத் திறந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. 1600 சிசி, இரட்டைக் கார்புரேட்டர்: டபிள்யூ-100, அதற்கு மேல் வேண்டாம். 1776 அல்லது 1835, இரட்டை வெபர் 40, தொழிற்சாலை அளவு வால்வுகள்: அதே டபிள்யூ-100, 1.1 ராக்கரோடு, கம்ப்ரஷன் 8-ஐத் தாண்டாமல். ஹெட்டில் 40-க்கு 35.5 மி.மீ. வால்வுகள் போட்டு, நல்ல எக்ஸாஸ்ட்டும் வெளியே தள்ளிய ஆயில் கூலர் கூண்டும் இருந்தால் டபிள்யூ-110 தாராளமாகப் போடலாம். தெரு வண்டிக்கு இந்த அளவில் அதுதான் எல்லை. டபிள்யூ-125 வேண்டுமென்று அடம்பிடிப்பவர்கள், அந்த வண்டியை டிரெய்லரில் ஏற்றித் திடலுக்குக் கொண்டுபோகத் தயாரா என்று வீட்டில் கேட்டுவிட்டு வாருங்கள்.

வேறு கம்பெனிக் கேம் கிடைத்தால் வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. விற்பவரிடம் 1.27 மி.மீ.யில் எத்தனை பாகை, மேட்டின் உயரம் எவ்வளவு, நடுக்கோடு எங்கே, எந்த ராக்கருக்கு அரைத்தது என்ற நான்கையும் கேளுங்கள். நான்கையும் எழுதிய அட்டை தராதவரிடம் கேம் வாங்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் நண்பன்